புத்தம் வீட்டுக்கு மருமகனாக வந்த பனையேறி மகன்

கழக்கூட்டத்தில் தொடங்கும் புறவழிச்சாலை திருவனந்தபுரத்தின் நெரிசலை ஒதுக்கிவிட்டுத் தெற்கே காரோடு வரை போகிறது. காரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வரிசையாக ஊர்கள் வரும். கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு இது ஊருக்குப் போகும் வழி. அவர்களுடைய தாத்தாக்களின் காலத்தில் இந்த வழியில் எல்லை என்று ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. படிப்பு, வேலை, வழக்கு, வைத்தியம் எதுவானாலும் தலைநகரம் என்றால் திருவனந்தபுரம்தான். தமிழ்நாட்டோடு இணைய மார்ஷல் நேசமணி நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூடு, அதில் போன உயிர்கள் எல்லாவற்றுக்கும் பிறகு 1956 நவம்பர் 1 அன்று அந்த நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன.

நிலம் பிரிந்தது. ஆனால் தமிழ் திருவனந்தபுரத்தை விட்டுப் போய்விடவில்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பாடம் நடத்திய ஊர் அது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் பணம் கொடுத்தார். வையாபுரிப் பிள்ளை அங்கே துறைத்தலைவராக இருந்தார். இன்று அந்தத் தமிழ்த்துறை கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டம் வளாகத்தில் இயங்குகிறது. நாகர்கோவில்காரரான வ.ஐ. சுப்பிரமணியம் 1977இல் தொடங்கிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியும் பக்கத்தில் தும்பாவை ஒட்டித்தான் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் ஆ. மாதவன், மார் இவானியோஸ் கல்லூரியில் நகுலன், தலைமுறைகளை எழுதிய நீல. பத்மநாபன் என்று 1960களில் அந்த நகரத்தில் நவீனத் தமிழ் இலக்கியம் செழித்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பெயர் ஹெப்சிபா ஜேசுதாசன்.

1925இல் பிறந்தவர். தக்கலைப் பக்கத்துப் புலிப்புனம் அவர் குடும்பத்தின் ஊர். திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். கணவர் சி. ஜேசுதாசன் அதே கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர், கம்பனில் தோய்ந்தவர். ஜெயமோகனின் ‘மத்துறு தயிர்’ கதையைப் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961இல் கல்கத்தா ஒய்.எம்.சி.ஏ. பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. கணவன் தமிழும் மனைவி ஆங்கிலமும் கற்பித்த அந்த வீட்டில் பைபிளும் கம்பராமாயணமும் அருகருகே இருந்தன. சங்க காலம் தொடங்கி தமிழின் பெரும்பரப்பை முறையாகப் படித்து எழுதி முடித்த பிறகே ஹெப்சிபா நாவலுக்கு வந்தார். 1964இல் தமிழ்ப் புத்தகாலயம் ‘புத்தம் வீடு’ நாவலை வெளியிட்டது. சிறிய புத்தகம்தான். பனையேறிகளின் வாழ்க்கை உள்ளே இருந்து தமிழ் நாவலில் எழுதப்பட்டது ஏறக்குறைய அதுவே முதல் முறை.

நாவல் நடப்பது பனைவிளை என்னும் ஊரில். புத்தம் வீடு அங்கே பேர்பெற்ற வீடு. பனை நின்ற விளைகள் அவர்களுடையவை. கதை தொடங்கும்போது செல்வம் கரைந்துகொண்டிருக்கிறது, பெருமை மட்டும் கரையவில்லை. கண்ணப்பச்சி என்று பேத்தி அழைக்கும் கிழவர், குடித்துச் சீரழிந்த மூத்த மகன், வியாபாரத்தில் முன்னுக்கு வரத் துடிக்கும் இளைய மகன், இவர்களுக்கு நடுவே வளர்கிறாள் லிஸி. அந்த வீட்டுப் பனைகளில் ஏறுகிறவர் அன்பையன். அவருடைய மகன் தங்கராஜ். லிஸிக்கும் தங்கராஜுக்கும் சிறு வயதில் முளைத்த அன்பு நாவலின் தண்டு.

இரண்டு குடும்பமும் ஒரே நாடார் சாதி, ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஒரே கிறிஸ்தவக் கோயிலில் முழங்காலிடுகிறவர்கள். இருந்தும் பனை வைத்திருக்கிறவன் வீட்டுப் பெண்ணைப் பனை ஏறுகிறவன் மகனுக்குக் கொடுப்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். அந்த ஊருக்கு அது பெரிய அவமானம். ஒரு கொலை, பழி தங்கராஜ் மேல் விழுவது, அது விலகுவது என்று கதை சுற்றி வந்து கடைசியில் கல்யாணத்தில் முடிகிறது. கதையாகச் சொன்னால் எளிமையானது. இந்தக் கல்யாணம் எவ்வளவு பெரிய மீறல் என்று புரிய வேண்டுமானால் பனையேற்று என்னும் தொழிலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பனை தானாகப் பால் சுரக்காது. பாளை வந்ததும் ஏறுகிறவர் அதைக் கடிப்பால் இடுக்கி நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண்பனை அலகு, பெண்பனை பருவம். இரண்டுக்கும் பக்குவம் வேறு. பதம் தப்பினால் அந்தப் பாளை வீண். சுரக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் பாளை அரிவாளால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். குமரிக்காரர்களுக்கு அது அக்கானி. சுண்ணாம்பு இல்லையென்றால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும்.

கையில் முருக்குத்தடி, காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டியும் குடுவையும். மரத்தில் மார்பை உராய்ந்தபடி தாவித் தாவி ஏற வேண்டும். ஏறுகிறவர்களின் நெஞ்சிலும் கையிலும் காலிலும் தோல் காய்த்துத் தடித்திருக்கும். காலையில் 30, 40 மரம், மாலையில் அதே மரங்கள் மறுபடி. பருவம் முடியும்வரை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. ஒரு வேளை சீவாமல் விட்டாலும் பாளை கெட்டுவிடும் என்பதால் காய்ச்சலோ துக்கமோ மரத்துக்குக் கணக்கில்லை. மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து செத்தவர்களும் இடுப்பொடிந்து படுத்தவர்களும் இல்லாத பனையேறிக் குடும்பம் அரிது.

இறக்கிய அக்கானி வீட்டுப் பெண்கள் கைக்குப் போகும். அது புளிப்பதற்குள் அடுப்பேற்ற வேண்டும். சுள்ளி, சருகு, காய்ந்த ஓலை என்று கிடைத்ததெல்லாம் விறகு. மணிக்கணக்கில் கொதித்துப் பாகாகும்போது கிண்டும் கை ஓயக் கூடாது. பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. புகையிலேயே பாதி ஆயுளைக் கழித்த பெண்கள் அவர்கள். இத்தனை பாட்டுக்கும் பிறகு பாதிதான் அவர்களுக்கு. ஒரு நாள் இறங்குவது ஏறுகிறவனுக்கு, மறுநாள் இறங்குவது மரத்துக்காரனுக்கு என்பது பரவலான பங்குமுறை. மரத்துக்காரன் வீட்டில் உட்கார்ந்திருப்பவன். இந்த இரண்டு பேருக்கும் நடுவே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எப்படி?

இதற்கு மேல் அரசாங்கமும் இருந்தது. பழைய திருவிதாங்கூரில் பனையேறியின் தளைநாருக்குத் தளைக்காணம், ஏணிக்கு ஏணிக்காணம் என்று வரி வைத்திருந்தார்கள். தலைவரியும் ஊழிய வேலையும் தனி. பெண்கள் மார்பை மறைக்கத் தடை. இந்தச் சூழலுக்குள்தான் புராட்டஸ்டன்ட் மிஷன் வந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் அழைக்க, 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலை மையமாக்கினார். பள்ளிக்கூடம், அச்சகம், மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னல் என்று ஒவ்வொன்றாக வந்தன. லேஸ் பின்னிய பெண்கள் கையில் சொந்தமாகக் காசு புழங்கியது.

தோள்சீலைக் கலகம் 1820களில் வெடித்து 1859 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன, பெண்களின் மேலாடை சந்தையில் வைத்துக் கிழிக்கப்பட்டது. மதராஸ் கவர்னர் ட்ரெவிலியன் கொடுத்த நெருக்கடியில் உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை அந்த அறிவிப்பிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதே மண்ணில் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் கிறிஸ்தவத்துக்கு வெளியே நின்று அதே விடுதலையைக் கேட்டு, திருவனந்தபுரத்தில் சிறையிருந்தார். இரண்டு வழியில் போனவர்களும் ஒரே பாரத்தின் அடியிலிருந்து எழுந்தவர்கள்.

இந்த வரலாற்றில் வந்த கிறிஸ்தவர்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையைத்தான் ஹெப்சிபா எழுதுகிறார். தாத்தாக்கள் அடிபட்ட கதை அவர்களுக்கு மறந்துவிட்டது. சிலருக்கு நிலம் சேர்ந்தது, சிலர் மரத்திலேயே நின்றுவிட்டார்கள். மேலே இருந்தவர்களோடு போராடி நிமிர்ந்த ஒரு சமூகம் தனக்குள்ளேயே ஒரு மேலையும் கீழையும் வைத்துக்கொண்டிருப்பதை ஹெப்சிபா கூச்சமில்லாமல் எடுத்து வைத்தார். தன் சபையை, தன் சொந்தக்காரர்களை, தன் ஊரை அறிந்தவர் அவர். வெளியாள் ஒருவர் எழுதியிருந்தால் குற்றச்சாட்டாகியிருக்கும். இவர் எழுதியபோது அது ஒரு குடும்பத்துப் பெண் பேசும் பேச்சாக வந்தது.

கிறிஸ்தவ நாவலுக்கு இந்தியாவில் அதற்கு முன்பே நூறு வருட வயது. கல்கத்தாவில் ஹன்னா முல்லன்ஸ் வங்காளத்தில் எழுதிய ‘புல்மோனி, கொருணா’ கதை 1852இல் வந்து, 1858இல் மலையாளத்துக்குப் போனது. நல்ல கிறிஸ்தவக் குடும்பப் பெண் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று இரண்டு பெண்களை வைத்துச் சொன்ன போதனை அது. கோட்டயத்தில் திருமதி காலின்ஸ் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி, அவர் இறந்த பின் கணவர் முடித்த கதை 1877இல் ‘காதகவதம்’ என்று மலையாளத்தில் வெளிவந்தது. அடிமைப் புலையர்களைக் கொடுமைப்படுத்தும் சிரியன் கிறிஸ்தவ நிலக்கிழார் ஒருவரின் கொடுமையும் மனமாற்றமும் அதில் வருகிறது. கிறிஸ்தவரிடமே உள்ள கொடுமையைச் சொல்லும் துணிச்சல் அதில் இருந்தது. முடிவில் மனந்திரும்புதல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது.

தமிழில் முதல் நாவலாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர், பெண்கல்விக்காக வாதாடியவர். ஆனாலும் தன் நாவலில் கிறிஸ்தவக் குடும்பத்தை அவர் கதையின் மையத்தில் வைக்கவில்லை. சென்னையில் வாழ்ந்த கிருபாபாய் சத்தியநாதன் தன் வாழ்க்கையை ஒட்டி ‘சகுணா’வையும், ஓர் இந்துப் பெண்ணின் துயரத்தை வைத்து ‘கமலா’வையும் ஆங்கிலத்தில் எழுதி, 1894இல் 32 வயதில் இறந்துபோனார். இவர்கள் எல்லோருமே ஏதோ ஒன்றை நிரூபிக்க வேண்டிய இடத்தில் நின்று எழுதினார்கள். புதிய மதத்தின் நன்மை, புதிய கல்வியின் நன்மை, பெண்ணின் அறிவு என்று ஏதோ ஒன்றுக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

ஹெப்சிபாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘புத்தம் வீடு’ நாவலில் யாரும் மதம் மாறுவதில்லை. கிறிஸ்தவம் அங்கே பிறப்போடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை, வெள்ளைத் துணி, ஜெபம், சபைக்காரர்களின் பேச்சு எல்லாம் அன்றாடத்தில் கலந்தவை. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் வீட்டிலும் குடிகாரன் இருப்பான், பொறாமை இருக்கும், சொத்துக்காக அண்ணன் தம்பி பகை இருக்கும். இதை எழுதியதால் அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை. அவர் கடைசிவரை உறுதியான விசுவாசிதான். சபையின் உண்மையை அவர் அளந்து பார்த்த கோல் மட்டும் வேறு. பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பனையேறியின் மகன் புத்தம் வீட்டுக்குள் மருமகனாக வர முடியுமா என்று பார்த்தார்.

தென்திருவிதாங்கூரில் கோயில் வெறும் வழிபாட்டிடமாக என்றுமே இருந்ததில்லை. ஊர்கூடிப் பேசும் இடமும் அதுதான், ஊருக்குப் பெரிய செய்தி வரும் இடமும் அதுதான். கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில், தும்பாவில், அந்தக் காலத்திலேயே நடந்த ஒன்று இதற்குச் சாட்சி. ராக்கெட் ஏவுதளத்துக்கு விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்த இடத்தில் மீனவர்களின் மகதலேனா மரியாள் கோயில் இருந்தது. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு ஆராதனையில் மக்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு கோயிலையும் நிலத்தையும் ஒப்படைத்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் மேலே போனது. அந்த மீனவர்கள் தங்கள் வீடுகளை விட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. நாட்டுக்காகக் கோயிலையே கொடுக்கச் சொன்னபோது ஏழைகள் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் வந்த நாவலில், அந்தஸ்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னபோது உடைமைக்காரர்களுக்கு அது பெரிய வலியாக இருக்கிறது.

நாவலில் மறக்க முடியாத பகுதி லிஸி வீட்டுக்குள் அடைபடும் காலம். பள்ளிக்கூடம் போய்ப் புத்தகத்தை நேசித்த குழந்தை அவள். வயதுக்கு வரும் பருவம் நெருங்கியதும் படிப்பு நின்றுவிடுகிறது. பெரிய வீட்டுப் பெண் என்பதாலேயே அவள் வெளியே தலைகாட்டக் கூடாது. பனையேறி வீட்டுப் பெண்ணுக்கு வேலை இருக்கிறது, சந்தை இருக்கிறது, வெயிலாவது இருக்கிறது. லிஸிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயில் ஒன்றே வெளியுலகம். மிஷன் பெண்கள் பள்ளி வந்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு பிரதேசத்தில் இது நடக்கிறது என்பதை ஹெப்சிபா எங்கும் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. ஒரு பெண் ஜன்னலோரம் வளர்ந்து பெரியவளாவதை நிதானமாகக் காட்டுகிறார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய ஒரு பேராசிரியை, தனக்குக் கிடைத்தது எத்தனை பெண்களுக்குக் கிடைக்காமல் போனது என்று எண்ணாமல் இந்தப் பக்கங்களை எழுதியிருக்க முடியாது.

லிஸி ஆர்ப்பாட்டக்காரி அல்ல. வீட்டை விட்டு ஓடவும் இல்லை, யாரையும் எதிர்த்துக் கூச்சலிடவும் இல்லை. தன் மனதில் இருப்பதை மாற்றிக்கொள்ள மறுக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பிடிவாதத்தில் ஜெபம் போன்ற ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள நம்பிக்கையைக் கிறிஸ்தவ நம்பிக்கை என்று சொல்வதில் தவறில்லை, நாவல் அப்படி ஒரு பெயர் வைக்காவிட்டாலும்.

மொழியிலும் ஹெப்சிபா தன் ஊர்க்காரராகவே நின்றார். கதாபாத்திரங்கள் குமரித் தமிழில், மலையாளம் தோய்ந்த கல்குளம், விளவங்கோட்டுப் பேச்சில் பேசுகிறார்கள். திருநெல்வேலிக்காரருக்கே சில இடங்களில் நின்று படிக்க வேண்டியிருக்கும். சென்னைப் பத்திரிகைத் தமிழே நல்ல தமிழ் என்றிருந்த காலத்தில் ஓர் ஆங்கிலப் பேராசிரியை இதைச் செய்தார். தோப்பில் முகமது மீரான், பொன்னீலன், ஜெயமோகன் என்று பின்னால் அந்த மாவட்டம் தமிழுக்குக் கொடுத்த நாவல்காரர்கள் பலர். அந்த மண்ணின் பேச்சைக் கொண்டே ஒரு நாவலைத் தாங்க முடியும் என்று காட்டியவர்களில் ஹெப்சிபா மூத்தவர். அவருக்கு உரிய அளவு பேர் வராமல் போனதற்கு அவர் இருந்த இடமும் ஒரு காரணம். தமிழ்நாட்டு இலக்கிய வட்டத்துக்கு அவர் கேரளத்துக்காரர், கேரளத்துக்கு அவர் தமிழர். அதிகம் எழுதிக் குவிக்காதவர், மேடை தேடாதவர். ‘விளக்கு’ விருது கிடைத்தபோது அவருக்கு வயதாகிவிட்டிருந்தது.

‘புத்தம் வீடு’ போன்ற வெற்றி அவருடைய மற்ற நாவல்களுக்குக் கிடைக்கவில்லை. ‘டாக்டர் செல்லப்பா’ 1967இல் வந்தது. படித்து டாக்டராகும் ஒருவனின் மனப்போராட்டம் அதில் விரிகிறது. ஏறுகிறவர் குடும்பங்கள் படிப்பின் வழியாக மரத்திலிருந்து இறங்கிய காலத்தின் பதிவு என்ற முறையில் அதை இன்னொரு முறை வாசிக்கலாம். ‘அநாதை’ 1978இல், பர்மாவைக் களமாகக் கொண்ட ‘மா-னீ’ 1982இல். இரங்கூனில் பிழைக்கப்போன தமிழ்க் குடும்பங்களும் போர்க்காலமும் தமிழில் அதிகம் எழுதப்படாத உலகம் என்பதால், ‘மா-னீ’யை மறந்துபோனது நம் வாசிப்பின் குறை என்றே சொல்ல வேண்டும்.

அவர் எழுதிய தொழில் அவர் கண் முன்னாலேயே சுருங்கியது. கல்குளம், விளவங்கோட்டு மேடுகளில் பனை நின்ற இடத்தில் ரப்பர் வந்தது. பனைகள் வெட்டப்பட்டுச் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. பனையேறிகளின் பிள்ளைகள் ஆசிரியர்களாக, நர்சுகளாக, வளைகுடாத் தொழிலாளர்களாக, இப்போது கழக்கூட்டத்து மென்பொருள்காரர்களாக ஆகிவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை போனதில் யாரும் வருந்த வேண்டியதில்லை. பாளையின் பதம், அலகுக்கும் பருவத்துக்கும் உள்ள வேறுபாடு, பாகு எப்போது கருப்பட்டியாகும் என்ற கைக்கணக்கு ஆகியவை எழுதப்படாமலே போய்க்கொண்டிருப்பதுதான் வருத்தம். இன்று அக்கானிக்கும் கருப்பட்டிக்கும் நகரத்தில் நல்ல விலை, ஏறத்தான் ஆளில்லை.

வயதான காலத்தில் ஹெப்சிபா மீண்டும் இலக்கிய வரலாற்றுக்குத் திரும்பினார். 1961இல் கணவரோடு சேர்ந்து ஒரே தொகுதியில் சொன்னதை, இம்முறை விரித்து எழுதினார். தமிழர் வரலாற்றை அவர்களுடைய இலக்கியத்தின் வழியே சொல்லும் அந்த ஆங்கில நூல் ‘கவுண்ட்டவுன் ஃபிரம் சாலமன்’. சென்னை ஆசியவியல் நிறுவனம் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழின் பழமையைச் சொல்லும் புத்தகத்தின் பெயரில் வேதாகமத்து அரசன் ஒருவன் நிற்பது அவருக்கு இயல்பாக இருந்திருக்கிறது. 2012 பிப்ரவரி 9 அன்று அவர் காலமானார். ‘புத்தம் வீடு’ ஆங்கிலத்தில் ‘லிஸிஸ் லெகஸி’ என்ற பெயரில் இருக்கிறது, தமிழில் காலச்சுவடு கிளாசிக் வரிசையில் கிடைக்கிறது. ‘மா-னீ’யையும் ‘அநாதை’யையும் அதே அக்கறையோடு மறுபதிப்புச் செய்ய யாராவது முன்வர வேண்டும்.